குடும்பத்துடன் என்ற கடைசிக் கட்டம்

எனக்கு எதையும் சட்டென்று நம்புகிற புத்தி கிடையாது. கேஸ் சிலிண்டரை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். எக்செல் போட்டுத் தருகிற கூட்டலை இன்றைக்கும் கால்குலேட்டரில் தட்டிப் பார்ப்பேன். ஆபீஸில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் டாக்குமெண்ட் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். ஒரு பெட்டியின் நம்பர் மாறினால் கன்டெய்னரே துறைமுகத்தில் நின்றுவிடும். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அதனால்தான், முதலாளியின் மகள் ஒரே ஒரு ஃபார்முலாவில் தன் கல்யாணப் பத்திரிகை உறைகளுக்கெல்லாம் விலாசம் வரவழைத்துக் காட்டியபோது மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள், நான் மட்டும் எங்கே தப்பு என்று தேட ஆரம்பித்தேன்.

அந்தப் பெண் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே காட்பாடியில் படித்தவள். படித்த வருஷங்களில் ஹாஸ்டலில் தங்கவில்லை; வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் இருக்கிற அத்தை வீட்டில் இருந்தாள். அப்பாவின் அக்கா. உருதுவில் பூப்பி என்பார்கள். இவளுக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் தலை வாரியது, பரீட்சைக்கு எழுப்பி விட்டது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது எல்லாம் அந்தப் பூப்பிதான். கல்யாணம் நிச்சயமான அன்று ஆபீஸில் எங்களுக்கு ஸ்வீட் கொடுக்கும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்று. நிக்காஹ் அன்றைக்குத் தன் பக்கத்தில் பூப்பி உட்கார வேண்டும், அது போதும் என்றாள். ஏன் அதைத் தனியாகச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். பூப்பி தன் மகனுக்கு இவளைக் கேட்டிருந்தார். கூடவே வளர்ந்தவனை அண்ணனாகத்தான் பார்க்கிறேன் என்று இவள் மறுத்துவிட்டாள். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு கம்மி.

சரி, ஃபார்முலா. பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஐந்து கட்டங்கள். திரு என்பது மாதிரி ஜனாப் போட்ட முழுப் பெயர், வீட்டுப் பெயர், தெரு, ஊர், கடைசியில் ‘குடும்பத்துடன்’. லேபிள் அடிக்க வேண்டுமானால் ஐந்தும் ஒரே கட்டத்துக்குள் வர வேண்டும். எங்கள் பெட்டி லேபிளை நான் அந்தக் காலத்து முறையில்தான் சேர்ப்பேன். ஒரு கட்டம், ஒரு & குறி, மேற்கோளுக்குள் கமா, மறுபடி &, அடுத்த கட்டம் என்று தையல் போடுகிற மாதிரி நீளமாகப் போகும். அதில் ஒரு தொல்லை. யாருக்காவது வீட்டுப் பெயர் இல்லையென்றால் அந்த இடத்தில் கமா மட்டும் அநாதையாக நிற்கும்.

அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து டெக்ஸ்ட்ஜாயின் என்று அடித்தாள். நடுவில் என்ன வரவேண்டும் என்று ஒரு தடவை கமாவைச் சொன்னாள். அடுத்து ட்ரூ என்று ஒரு வார்த்தை. அப்புறம் முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரைக்கும் மொத்தமாகப் பிடித்து இழுத்துவிட்டாள். விலாசம் வழவழவென்று வந்து விழுந்தது. ஒரு அநாதைக் கமா கிடையாது.

“காலியா இருக்கற கட்டத்த அதுவே தாண்டிப் போய்டும் அக்கா,” என்றாள்.

“தாண்டிப் போச்சுன்னா, தாண்டினது நமக்கு எப்டித் தெரியும்?”

“தெரிய வேணாம்னுதான அக்கா இதப் போடறதே,” என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. சத்தமில்லாமல் தாண்டிப் போகிற ஆளையே நம்ப மாட்டேன், ஃபார்முலாவை எப்படி நம்புவது? ஆம்பூர் ஷீட்டை முழுக்க விரல் வைத்துப் பார்த்தேன். அது அவளே உட்கார்ந்து தட்டியது. ஒரு குறை சொல்ல முடியவில்லை. வெளியூர் ஷீட் மேனேஜர் தட்டியது, அதையும் பார்க்கிறேன் என்றேன். அதே ஃபார்முலாதான் அக்கா என்று சொல்லி அதற்குள் அச்சுக்கு அனுப்பிவிட்டாள். பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் டீ டைமில் உட்கார்ந்து லேபிள்களை ஒட்டி முடித்தார்கள். டிரைவர் கட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அவள் என் மேஜைக்கு வந்தாள். போனை நீட்டினாள். பூப்பியின் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பத்திரிகை உறை, அதன் மேல் லேபிள். பூப்பியின் பெயர், வீட்டுப் பெயர், தெரு, வேலூர். அவ்வளவுதான். ‘குடும்பத்துடன்’ இல்லை. படத்துக்குக் கீழே அந்தப் பெண் ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

நான் ஒடுகத்தூர் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் பத்திரிகை வைக்க வந்தால் வாசலில் நின்று எல்லாரும் வந்துடுங்க என்று சொல்லிவிட்டுப் போவார்கள், உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. முதலாளி குடும்பத்தில் அப்படி இல்லை. அவர்கள் சொந்தத்தில் அந்தக் கடைசி வார்த்தைதான் பத்திரிகையின் உயிர். அது இருந்தால் வீட்டோடு வரவேண்டும். இல்லையென்றால் உறையில் பெயர் இருக்கிற ஒருவர் மட்டும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று அர்த்தம். வியாபாரப் பழக்கக்காரர்களுக்குத்தான் அப்படி வைப்பார்கள்.

பூப்பியின் வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். வீட்டில் பூப்பி, மகன், மகள். அந்த மகனுக்குத்தான் இவளைக் கேட்டது. இப்போது நீ மட்டும் வா என்று உறையில் போட்டால் என்ன அர்த்தம்? உன் பையனைக் கூட்டிக்கொண்டு வராதே என்று அர்த்தம். நானாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

முதலாளி மூன்று பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மகள், மேனேஜர், நான். அவர் பார்வை நேராக என்மேல்தான் வந்து விழுந்தது.

“இன்னாமா, லேபிள் நீதான அடிச்ச?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கம்ப்யூட்டர் என்பதற்காக நான் அடித்ததாகிவிடுமா? அச்சு எடுத்தது நான் இல்லை என்று சொல்ல வாய் வந்தது, பக்கத்தில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். மேனேஜரோ, நான் எல்லா வீட்டுக்கும் குடும்பத்துடன் போட்டிருக்கேன், வேணும்னா பாருங்க என்று அமைதியாகச் சொன்னார். அந்த அமைதியே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மாப்பிள்ளை விஷயத்தில் வேண்டாம் என்ற பதிலை வேலூருக்குக் கொண்டுபோனவர் அவர்தான். பூப்பி அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். டீகூடக் கொடுக்கவில்லை என்று இவர் வந்து புலம்பியது எனக்கு நினைவு இருக்கிறது. அந்த ஆத்திரத்தில் ஒரு கட்டத்தை அழித்துவிட எத்தனை நேரமாகும்?

முதலாளிக்கு என்மேல் சந்தேகம், எனக்கு மேனேஜர்மேல். மகளோ அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரே அந்த வார்த்தையை எடுக்கச் சொல்லியிருப்பாரோ என்று இந்தப் பொண்ணு சந்தேகப்படறது பெத்த அப்பனைத்தான் என்று எனக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது.

ஃபைலைத் திறந்தோம். மேனேஜர் சொன்னது உண்மைதான். வேலூர் பக்கத்து வீடுகளுக்கு நேராக ‘குடும்பத்துடன்’ பெரிதாக நடுவில் நின்றது. ஏழெட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே உயரமான கட்டம். பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. பூப்பியின் வரிசையில் இருந்த ஃபார்முலாவைப் பார்த்தேன், ஒரு எழுத்து பிசகவில்லை. அந்த உயரமான கட்டத்தை வீட்டுக்கு வீடு தனியாகப் பிரித்துவிட்டேன். அந்த வார்த்தை ஒரே தாவலில் மேலே ஏறி முதல் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. கீழே இருந்த வீடுகளுக்கெல்லாம் வெறும் வெள்ளை.

விஷயம் இதுதான். எங்கள் ஆபீஸில் பேக்கிங் லிஸ்ட் போடுகிற பழக்கம் ஒன்று உண்டு. ஒரே மாடல் ஷூ வரிசையாகப் பல பெட்டிகளில் போகும். ஒவ்வொரு பெட்டிக்கும் மாடல் பெயரைத் திரும்பத் திரும்பத் தட்டாமல், அத்தனை வரிசையையும் மெர்ஜ் பண்ணி, அதாவது ஒரே கட்டமாகச் சேர்த்து, நடுவில் ஒரு தடவை போடுவோம். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்களுக்கு அப்படித்தான் பிடிக்கும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். மேனேஜருக்கு அது கையோடு ஊறிப்போன வேலை. கல்யாண லிஸ்டையும் பேக்கிங் லிஸ்ட் மாதிரியே போட்டுவிட்டார். கண்ணுக்கு எல்லா வீட்டுக்கும் அந்த வார்த்தை இருக்கிறது. எக்செல்லுக்கு முதல் வீட்டுக்கு மட்டும்தான் இருக்கிறது, மீதியெல்லாம் காலி. காலியைப் பார்த்த ஃபார்முலா, அவள் சொன்னபடியே சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டது. என் பழைய முறையில் சேர்த்திருந்தால் கடைசியில் ஒரு கமா நின்று காட்டிக் கொடுத்திருக்கும்.

மேனேஜரை மனதுக்குள் திட்டியதையெல்லாம் நான் மனதுக்குள்ளேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன். முழுசாக இல்லை, முக்கால்வாசி.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான். குடியாத்தத்திலிருந்து ஒருவர் போன் போட்டு, பெண்டாட்டியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வரட்டுமா என்று முதலாளியைக் கலாட்டா செய்தார். முதலாளி மன்னிப்புக் கேட்டுச் சிரித்தார். ஒவ்வொரு வீடாகப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். வேலூருக்கு மட்டும் அவர் போடவில்லை. வேலூரிலிருந்தும் வரவில்லை.

“அக்கா, நாம ரெண்டு பேரும் போய்க் காட்டிட்டு வரலாம்,” என்று அவள்தான் சொன்னாள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். லாங் பஜாருக்குள் கார் போகாது. தள்ளுவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். அவள் கையில் ஒரு புதுப் பத்திரிகை இருந்தது. அந்த வார்த்தையை உறையில் அவளே பேனாவால் எழுதியிருந்தாள்.

பூப்பி கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்டார். டீ கொடுத்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியே வரவில்லை. உள் அறையில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் ஃபைலைத் திறந்து மெர்ஜ் பண்ணியதைக் காட்டினேன், பிரித்துக் காட்டினேன், மறுபடி சேர்த்தும் காட்டினேன். அந்த அம்மா திரையைப் பார்த்ததைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிறார். தப்பில்லை, நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தமிழிலேயே கேட்டார். எனக்கும் புரியவேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

“அப்ப மொதல் வரிசையில இருக்கற வூட்டுக்கு மட்டும் சரியா வந்துச்சு. யாரு அது?”

“பள்ளிகொண்டா வூடு, பூப்பி.”

“அவங்க நமக்கு இன்னா வேணும்?”

அவள் லேப்டாப் திரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். தோல் சப்ளை பண்ணுகிற வகையில் தூரத்துப் பழக்கம், அவ்வளவுதான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஆம்பூரிலிருந்து வருகிற வழியில் முதலில் வருவது பள்ளிகொண்டாதானே, டிரைவருக்குச் சௌகரியமாக இருக்கட்டும் என்று வழிப்படி போட்டிருக்கிறார்கள் என்று விளக்கினேன்.

பூப்பி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“நீ காட்டறத நம்பறேன்மா. கம்ப்யூட்டர் தப்புதான். ஆனா வண்டி போற வழியில என்னையும் ஒரு வூடா சேத்துட்டான் என் தம்பி, பாரு, அது எந்தக் கம்ப்யூட்டர் பண்ணுச்சு? கூடப் பொறந்தவளுக்கு டிரைவர் கையிலயா கார்டு குடுத்து அனுப்புவாங்க?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆம்பூரில் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் முதலாளி தானே நேரில் போனார், ஸ்வீட் பெட்டியோடு. தூரத்துச் சொந்தத்துக்குக்கூட. நாங்கள் நான்கு நாளாக ஒரு காலிக் கட்டத்தைத் துருவிக்கொண்டிருக்கிறோம். இந்த அம்மா உறையை வாங்கும்போதே, கொண்டுவந்த கையைப் பார்த்துவிட்டார்.

அவள் புதுப் பத்திரிகையை நீட்டினாள். பூப்பி அதை வாங்கி, பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். நீ நல்லா இருப்பே என்று அவள் தலையைத் தடவினார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கார் மேம்பாலம் ஏறுகிற வரைக்கும் அவள் அழுதாள். நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

அப்பாவிடம் அவள் சொல்லிப் பார்த்தாள். என் எதிரிலேயேதான் சொன்னாள். தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சாச்சு, வேற கார்டும் குடுத்தாச்சு, இன்னும் என்ன செய்யணும் என்றார் அவர். அப்புறம் குரலை இறக்கி, அங்கே போனால் ஆபா, அதாவது அவர் அக்கா, பையன் பேச்சை எடுப்பாங்க, எனக்குப் பதில் சொல்லத் தெரியாது என்றார். இவ்வளவு பெரிய ஃபாக்டரியை நடத்துகிற மனுஷனுக்கு அக்கா வீட்டு வாசலைக் கண்டு பயம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சம்பளம் வாங்குகிறவள், என்ன சொல்ல முடியும்? அவள்தான் மண்டபத்தில் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்தாள்.

கல்யாணத்தன்று பெண்கள் பக்க வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்கிற வேலை எனக்கு. வருகிற ஒவ்வொரு காரையும் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே அந்த நாற்காலி காலியாகவே இருந்தது. யாராவது தெரியாமல் உட்காரப் போனால் மணப்பெண்ணே கையை வைத்து மறைத்தாள். கடைசியில், இனி வரமாட்டார் என்று நான் முடிவு கட்டிய நேரத்தில், ஒரு ஆட்டோ வந்து நின்றது. பூப்பி இறங்கினார். அவருக்குப் பின்னால் யாராவது இறங்குவார்களா என்று எட்டிப் பார்த்தேன். ஆட்டோ போய்விட்டது.

அவர் கைப்பையைத் திறந்து பழைய உறையை எடுத்து என்னிடம் காட்டினார். டிரைவர் கொடுத்த அதே உறை.

“இதுல ஒருத்தர் பேருதான் இருக்கு. ஒருத்தர்தான் வந்திருக்கேன். பாத்துக்க.”

உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பூப்பியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நிக்காஹ் முடிகிற வரைக்கும் பூப்பி அவள் கையை விடவில்லை, முக்காட்டைச் சரி செய்துகொண்டே இருந்தார். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவள் கண் திரும்பத் திரும்பப் பூப்பிக்குப் பின்னால் யாருமில்லாத இடத்துக்குப் போய் வந்தது. சாப்பிடக் கூப்பிட்டபோது பூப்பி தம் பிரியாணியில் இரண்டு வாய் எடுத்துக்கொண்டு கையைக் கழுவிவிட்டார். கிளம்புகிறேன் என்றார். மணப்பெண் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் ஆண்கள் பக்கம் ஓடி முதலாளியிடம் சொன்னேன். ஆபா ஆட்டோல வந்திருக்காங்க, தனியா, போறாங்க என்றேன். குரல் கொஞ்சம் காட்டமாகத்தான் வந்தது.

அவர் நேராகச் சமையல் பக்கம் போனார். மூடி போட்ட ஒரு பெரிய பாத்திரத்தைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ஷெர்வானி முழுக்க நெய். வேலைக்காரர்கள் ஓடிவந்தார்கள், ஒருவரையும் தொடவிடவில்லை. அக்காவுக்கு எதிரில் போய் நின்றார். அவர்கள் உருதுவில்தான் பேசினார்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு அந்த அளவு புரியும்.

“எத்தனை பேருக்கு?” என்று பூப்பி கேட்டார்.

“வீட்டுக்கு, ஆபா. பிள்ளைங்களுக்கும்.”

பூப்பி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். கரண்டியால் கிளறி அடி வரைக்கும் பார்த்தார். இறைச்சி சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்தாரோ, தம்பியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க அப்படிச் செய்தாரோ, எனக்குத் தெரியாது. மூடியை வைத்தார்.

“சரி, ஒரு வண்டி புடிச்சு அதுல வை. காலிப் பாத்திரத்த வாங்க நீ வரணும். டிரைவர அனுப்பினா குடுக்க மாட்டேன்.”

முதலாளி தலையை ஆட்டினார். தலையை யார் வேண்டுமானாலும் ஆட்டலாம். மறுநாள் நான் சீக்கிரமே ஆபீஸுக்குப் போனேன். முதலாளியின் கார் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அவசர வேலையாகச் சென்னை போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டுக்குப் பக்கத்தில் டீக்கடை பெஞ்சில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். கார் எங்கே என்று கேட்டேன். முதலாளியே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார், எங்கே என்று சொல்லவில்லை, போகும்போது ஸ்வீட் கடையில் நிறுத்தினார் என்றார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் ஒரு டீ சொன்னேன்.